தொலைபேசிக் கட்டணம்: தூரக் கணக்கும் நாள் கணக்கும்

பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயி ஒருவர் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் செல்லும் மின்சார ரயிலில் சென்னை நோக்கி வந்தால், எண்ணூரையும் கத்திவாக்கத்தையும் கடந்து விம்கோ நகர் நிலையத்தில் இறங்கலாம். மேற்கிந்தியத் தீப்பெட்டிக் கம்பெனியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கியதால் உண்டான பெயரே ‘விம்கோ’ என்பது. அவ்வட்டாரத்தில் வேலை பார்க்கும் பிள்ளையோடு நாலு வார்த்தை பேச இன்று ரயிலேற வேண்டுவதில்லை. சட்டைப்பையிலுள்ள கைபேசி போதும். ஆயினும், அந்தப் பேச்சுக்குக் கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்தோர் சிலரே. அறியாமையால் வரும் நஷ்டம் சிறு தொகைகளாகக் கழிவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் அதன் அளவு விளங்கும்.

டிரங்க் கால் காலம்

முற்காலத்தில் வெளியூருக்குப் பேச விரும்புவோர் தொலைபேசி நிலையத்தில் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். அதற்கு ‘டிரங்க் கால்’ என்று பெயர். மூன்று நிமிடம் ஓர் அலகு. ஒரு நிமிடத்தில் பேசி முடித்தாலும் மூன்று நிமிடக் கட்டணம் உண்டு. ‘ஆர்டினரி’ என்பது சாதாரண அழைப்பு. ‘அர்ஜண்ட்’ என்றால் இரட்டைக் கட்டணம். ‘லைட்னிங்’ என்றால் அதனினும் பல மடங்கு. குறிப்பிட்ட நபரையே அழைத்துத் தரும்படி கேட்பது ‘பி.பி. கால்’, அதற்குத் தனிக் கட்டணம் சேரும். இச்சொற்களின் பொருள் தெரியாமல் அவசரத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பின்னர் ரசீதைக் கண்டு திகைத்தவர் பலர்.

தீக்குச்சிக் கணக்கு

நிலையத்தாரின் உதவியின்றி நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. முறை, இந்தியாவில் முதன்முதலாக 1960 நவம்பர் 26 அன்று கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கப்பெற்றது. இதில் கட்டணத்தை அளப்பது மீட்டர். மீட்டரில் விழும் ஒவ்வோர் அடிக்கும் ‘பல்ஸ்’ என்று பெயர்.

இதனை ஒரு தீக்குச்சிக்கு ஒப்பிடலாம். பேசும் நேரம் முழுவதும் குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிவதாகக் கொள்வோம். ஒவ்வொரு குச்சிக்கும் விலை ஒன்றே. பக்கத்து ஊருக்குப் பேசினால் ஒரு குச்சி நெடுநேரம் எரியும். தொலைவூருக்குப் பேசினால் விரைவில் அணைந்து அடுத்த குச்சி பற்றும். குச்சி பற்றிய மறு விநாடியே பேச்சை முடித்தாலும் முழுக் குச்சியும் செலவான கணக்கே. இரவில் கட்டணம் குறைவாக இருந்ததன் பொருள், அப்போது குச்சி அதிக நேரம் எரிந்தது என்பதுதான்.

தூரம் எவ்வாறு அளக்கப்பட்டது? நாடு முழுவதும் கட்டணப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. சிறிய பகுதி பெரும்பாலும் ஒரு வட்டத்தின் அளவுடையது. பகுதிகளின் தலைமையிடங்களுக்கு இடையேயுள்ள நேர்க்கோட்டுத் தூரமே கணக்கு. சாலைத் தூரம் அன்று. சென்னைக்கு 044 என்ற குறியீடு இருக்க, திருவள்ளூருக்கு 04116 என்றும், காஞ்சிபுரத்துக்கு 04112 என்றும் தனிக் குறியீடுகள் இருந்தன. பின்னர் இவ்விரண்டு ஊர்களும் 044 குறியீட்டுக்குள் வந்தன.

2006 மார்ச் 1 முதல் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஆகிய அரசு நிறுவனங்கள் ‘ஒன் இந்தியா’ திட்டத்தில், நாட்டின் எம்மூலைக்கும் நிமிடத்துக்கு 1 ரூபாய் என நிர்ணயித்தன. தூரத்தின் ஆட்சி அத்துடன் தளர்ந்தது.

இன்று நாள்தான் அளவுகோல்

இன்றைய ரீசார்ஜ் திட்டங்கள் பெரும்பாலானவற்றில் உள்நாட்டுப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை. நாம் விலை கொடுப்பது தூரத்துக்கன்று, நாட்களுக்கு. ஆகவே ‘வேலிடிட்டி’ எனப்படும் செல்லுபடிக் காலத்தையே முதலில் பார்க்க வேண்டும். 28 நாள் திட்டத்தை ‘ஒரு மாதம்’ என்று எண்ணுவது தவறு. ஆண்டில் மாதங்கள் 12; ஆனால் 28 நாள் ரீசார்ஜ் 13 முறை செய்தால்தான் 364 நாள் ஆகும். ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2022 இல் விதித்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இணையம் பயன்படுத்தாத முதியோர் பலர் டேட்டாவுக்கும் சேர்த்தே பணம் கட்டி வந்தனர். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டமும் இருத்தல் வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் ஆணையிட்டது. சிறப்புத் திட்டங்களின் செல்லுபடிக் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்றும் அனுமதித்தது. கடைக்காரர் சொன்ன திட்டத்தை அப்படியே ஏற்காமல், “பேச்சுக்கு மட்டும் என்ன திட்டம் உண்டு?” என்று கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

பஞ்சாயத்து அலுவலகப் பில்

அலுவலகத் தொலைபேசிப் பில்லில் மாதக் கட்டணம், அழைப்புக் கட்டணம், வரி, பழைய பாக்கி என்பவை தனித்தனி வரிகளாக இருக்கும். உதாரணமாக, மாதக் கட்டணம் 200 ரூபாய், அழைப்புக் கட்டணம் 40 ரூபாய் எனில் கூட்டுத்தொகை 240. அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம், அதாவது 43 ரூபாய் 20 காசு. கட்ட வேண்டியது 283 ரூபாய் 20 காசு. தவணை தவறினால் தாமதக் கட்டணம் சேரும். அது ஊர்ப் பணம் என்பதை அங்கத்தினர்கள் மறத்தல் ஆகாது.

வெளிநாட்டு அழைப்புக்குத் தூரக் கட்டணம் இன்னும் ஒழியவில்லை. 91 அல்லாத வேறு நாட்டுக் குறியீட்டுடன் ஒரே மணியில் நின்றுபோன அழைப்பு வந்தால், அறியாத அவ்வெண்ணைத் திருப்பி அழைக்கலாகாது.

கணக்கில் பிழை கண்டால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். புகார் எண் இல்லாத முறையீடு ரசீது இல்லாத வழக்குப் போன்றது.

சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. உங்கள் வீட்டில் சென்ற ஆண்டு எத்தனை முறை ரீசார்ஜ் செய்யப்பட்டது? மொத்தச் செலவு என்ன?

2. அதில் நீங்கள் பயன்படுத்தாத வசதிக்குக் கட்டிய பணம் உண்டா?

3. உங்கள் பஞ்சாயத்துத் தொலைபேசிப் பில்லின் ஒவ்வொரு வரியையும் அடுத்த கூட்டத்தில் ஒருவர் படித்து விளக்க முடியுமா?