டேட்டா லேயர்: வெப்சைட்டுக்கு ஒரு பொது நோட்டு

காவிரி டெல்டாவில் நெல் அறுத்ததும் ரகம், மூட்டை, எடை மூன்றையும் வீட்டு நோட்டில் எழுதி வைப்பார்கள். கொள்முதல் நிலையத்தில் போட்டாலும் வியாபாரியிடம் போட்டாலும் நோட்டு ஒன்றுதான். வெப்சைட்டுக்கும் அப்படி ஒரு நோட்டு உண்டு. அதுதான் டேட்டா லேயர்.

தஞ்சாவூர் அரிசிக் கடை ஒன்றிற்கு வெப்சைட் அமைத்தேன். எந்த அரிசியை எத்தனை பேர் பார்த்தார்கள், வாங்கினார்கள் என்று எண்ணிச் சொல்வது அனலிடிக்ஸ். கூகுளின் யுனிவர்சல் அனலிடிக்ஸ் கேட்ட பெயர்களையே எல்லாப் பக்கங்களிலும் எழுதிவிட்டேன். அதன் சாதாரணப் பதிப்பு 2023 ஜூலை 1-ல் புதிய விவரங்களை ஏற்பதை நிறுத்தியது. அடுத்து வந்த ஜிஏ4-ல் 'நேம்' என்பது 'ஐட்டம் நேம்' ஆனது. பக்கம் பக்கமாகத் திருத்தினேன். தவறு என்னுடையதுதான்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள்:

1. கடையில் புழங்கும் சொற்களிலேயே பெயர் வையுங்கள்: பொருள், எடை, விலை, பில் எண்.

2. ஒவ்வொரு பக்கத்திலும் இவற்றை ஒரே ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டில் எழுதுங்கள். இதற்கென டபிள்யூ3சி-யின் குழு ஒன்று 2013 டிசம்பரில் 'டிஜிட்டல்டேட்டா' என்ற பொது அமைப்பை வெளியிட்டது.

3. அனலிடிக்ஸ் கேட்கும் பெயர்களுக்கு மாற்றித் தரும் வேலையைத் தனி பைலில் வையுங்கள். நாளை மடோமோவுக்கு மாறினாலும் அந்த ஒரு பைலைத் திருத்தினால் போதும்.

சரிபார்க்க, குரோமில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் ஆப்ஜெக்டின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். விவரங்கள் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளரின் பெயர், போன் எண்ணை இதில் எழுதாதீர்கள். அந்தப் பக்கத்தில் இயங்கும் எந்த ஸ்கிரிப்ட்டும் இந்த நோட்டைப் படிக்க முடியும்.