கடைப் படிப்பும் கலாசாலைப் படிப்பும்



ரஹாங்கிலும் சிரம்பான் பட்டணத்திலும் உள்ள நம்மவர் கடைகளில் மாலை நேரம் சற்று உட்கார்ந்தால் இரண்டு பேச்சுகள் காதில் விழும். "கடை இருக்கும்போது பையனுக்குக் காலேஜ் எதற்கு? கல்லாவில் உட்கார்ந்தால்தானே வியாபாரம் படியும்" என்பது ஒன்று. "நான் பட்ட பாடு என் மகன் பட வேண்டாம், படித்து ஏதாவது உத்தியோகத்துக்குப் போகட்டும்" என்பது மற்றொன்று. இரண்டும் பாசத்தில் பிறந்த பேச்சுகளே. ஆனால் முதலாவதன்படி நடந்தால் பையன் படிப்பை இழக்கிறான். இரண்டாவதன்படி நடந்தால் கடை வாரிசை இழக்கிறது.

கடையும் நிற்க வேண்டும், படிப்பும் வேண்டும் என்றால் வழி உண்டா? உண்டு என்பதே நமது எண்ணம். வியாபாரத்தையே பாடமாக வைத்துப் பட்டம் வழங்கும் படிப்புதான் அந்த வழி. அதன் மூன்று முக்கியப் பாடங்கள் நிதி, தொழில் முனைவு, சந்தைப்படுத்தல் என்பன. அவற்றில் என்ன கற்பிக்கிறார்கள், அது நம் கடைக்கு எப்படி உதவும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, வியாபாரத்தைப் புத்தகத்தில் படிக்க முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் 1881ம் வருஷமே பென்சில்வேனியா சர்வகலாசாலையில் வார்ட்டன் கலாசாலை இதற்கென்று தொடங்கப்பட்டது. ஹார்வர்டு சர்வகலாசாலை 1908ல் தன் வியாபாரக் கலாசாலையைத் திறந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? தோல் வியாபாரத்தில் பெயர் பெற்ற ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் முன்னின்று அமைத்த ஜமால் முகமது கலாசாலை 1951ல் திருச்சியில் தொடங்கியது. அதே வருஷம் சென்னையில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தார் புதுக் கல்லூரியை நிறுவினார்கள். இரண்டிலும் இன்று வணிகவியல் கற்பிக்கப்படுகிறது. வியாபாரத்தில் பொருள் ஈட்டியவர்களே தங்கள் பொருளைக் கலாசாலையில் போட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அனுபவத்தின் அருமை அறிந்தவர்கள் அவர்கள். அனுபவம் மட்டும் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை.

முதல் பாடம்: நிதி

நிதி என்றால் வங்கிக்காரர் விஷயம் என்று எண்ண வேண்டாம். முதல் எங்கே இருக்கிறது, எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று அறிவதே நிதிப் பாடம். இதை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். கணக்குக்காக நாம் அமைத்துக்கொண்ட கடை இது. எவருடைய கடையும் அன்று.

ஒரு மளிகைக் கடையில் மாதம் 30,000 வெள்ளிக்கு விற்பனை. விற்ற சரக்கின் கொள்முதல் 24,000 வெள்ளி. மிச்சம் 6,000. கடை வாடகை 1,500. ஒரு பணியாளுக்கு 2,000. மின்சாரம், வேன் முதலியவற்றுக்கு 700. ஆக 4,200 போக நிற்பது 1,800 வெள்ளி. முதலாளியோ வீட்டுச் செலவுக்கு மாதம் 2,500 எடுக்கிறார். மாதம் 700 வெள்ளி, வருஷத்துக்கு 8,400 வெள்ளி குறைகிறது. ஆயினும் கல்லாவில் பணம் இருந்துகொண்டே இருக்கிறது! எப்படி? முன்பு மொத்த வியாபாரிக்கு 30 நாளில் பணம் கட்டியவர் இப்போது மெல்ல மெல்ல 60 நாளாக்கிக்கொண்டார். அதனால் ஒரு மாதக் கொள்முதலான 24,000 வெள்ளி, பிறர் பணம், அவர் கையில் சுழல்கிறது. அந்தத் திரை ஏறக்குறைய மூன்று வருஷம் நட்டத்தை மறைத்து வைக்கும். மொத்த வியாபாரி ஒரு நாள் "இனி ரொக்கம்" என்று சொன்னதும் திரை கிழியும். "கடை நன்றாகத்தானே ஓடியது, திடீரென்று என்ன ஆயிற்று?" என்று ஊர் கேட்கும். திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. லாபம் வேறு, கல்லாவில் உள்ள ரொக்கம் வேறு என்பதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. காலை ஆறு மணிக்குக் கடை திறக்கும் அத்தாவுக்கும், பள்ளி விட்டு வந்து சரக்கு அடுக்கும் மகனுக்கும் அந்தக் கணக்கில் சம்பளமே போடப்படவில்லை. அதையும் போட்டால்தான் கடையின் உண்மை நிலை தெரியும். பேரேட்டிலிருந்து லாப நட்டக் கணக்கும், அதிலிருந்து ஐந்தொகையும் எழுதிப் பார்க்கும் பழக்கத்தைக் கலாசாலையில் முதல் வருஷத்திலேயே ஊட்டுகிறார்கள்.

கணக்கு எழுதுவது நமக்குப் புதிதா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் என்பதை நாம் அறிவோம். இரட்டைப் பதிவு முறையை இத்தாலியரான லூக்கா பச்சோலி 1494ல் அச்சிட்டு உலகுக்குப் பரப்பினார். இன்று சட்டமும் அதையே கேட்கிறது. மலேசியாவில் வியாபாரக் கணக்குகளை ஏழு வருஷம் பாதுகாக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய மின்விலைப்பட்டியல் முறை அதன்பின் கட்டங்கட்டமாக விரிவாக்கப்பட்டது. நம்மவர் பலர் நடத்தும் நாணய மாற்றுத் தொழிலுக்கோ 2011ம் வருஷச் சட்டத்தின்படி பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். மனக்கணக்கால் இனி காலம் தள்ள முடியாது.

வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே போகாத சகோதரர்களுக்கும் இப்பாடம் பயன்படும். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் சேர்ந்து, லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிக்கும் முளாரபா முறையும், பலர் முதல் போடும் முஷாரகா முறையும் நம் முன்னோர் அறிந்தவையே. 1983ல் பேங்க் இஸ்லாம் மலேசியா தொடங்கியதிலிருந்து இவை இந்நாட்டில் வங்கித் தொழிலாகவும் பாடமாகவும் வளர்ந்திருக்கின்றன. ஓர் ஒப்பந்தத்தைப் படித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து கையெழுத்திடும் பிள்ளை வீட்டில் இருப்பது பெரும் பலம்.

இரண்டாம் பாடம்: தொழில் முனைவு

1755ல் வெளிவந்த தமது நூலில் ரிச்சர்டு கான்ட்டில்லன் என்பவர் தொழில்முனைவர் யார் என்று விளக்கினார். தெரிந்த விலைக்கு வாங்கி, என்ன விலைக்குப் போகும் என்று தெரியாத நிலையில் விற்பவர் அவர். கப்பலேறி வந்து, தலையில் ஜவுளி மூட்டை சுமந்து, தோட்டம் தோட்டமாக நடந்த நம் பாட்டனார்களுக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை உண்டா? துணிவு நமக்குப் பரம்பரைச் சொத்து. குறைவாக இருப்பது துணிவுக்கு முன் செய்ய வேண்டிய கணக்கும், துணிவுக்குப் பின் வைக்க வேண்டிய பாதுகாப்புமே.

புதுக் கிளை திறக்குமுன் எத்தனை மாதம் நட்டத்தைத் தாங்க முடியும், எவ்வளவு விற்றால் முதல் தேறும், தனி உரிமையா, கூட்டா, கம்பெனியா என்பவற்றை எழுத்தில் போட்டுப் பார்க்க இப்பாடம் பழக்குகிறது. கூட்டு வியாபாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று வாய்ப்பேச்சில் தொடங்கிய கூட்டுகள் நம்மிடையே அநேகம். மலேசியக் கூட்டு வணிகச் சட்டம் 1961ன்படி, வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், கூட்டாளிகளில் ஒருவர் மரணமடைந்ததும் கூட்டே கலைந்துவிடுகிறது. அண்ணன் கண்மூடிய மறுநாள், தம்பி கடையின் பங்காளி அல்ல. கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர். ஒரு பக்கம் விதவையான மதினி, மறு பக்கம் கடையே கதியென்றிருக்கும் தம்பி. எழுத்தில் நாலு வரி இல்லாத காரணத்தால் நல்ல குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிவது நாம் அறியாததல்ல.

கூட்டு முயற்சி ஒழுங்காக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்நாட்டிலேயே சான்று உண்டு. 1950களில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்கள் நிலைகுலைந்தன. அப்போது துன் சம்பந்தன் முன்னின்று 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே அச்சங்கம் வாங்கியது. அந்தத் தொழிலாளரிடம் பெரும் பணம் இல்லை. சிறு பணத்தைச் சேர்க்கும் முறை இருந்தது. அம்முறைக்குச் சட்டதிட்டம் இருந்தது.

மூன்றாம் பாடம்: சந்தைப்படுத்தல்

இதை விளம்பரம் என்று சுருக்கி எண்ணுவது தவறு. 1960ல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதனை நான்கு கேள்விகளாக வகுத்தார். என்ன பொருள்? என்ன விலை? எந்த இடம்? எப்படி அறிவிப்பது? இந்நான்குக்கும் முந்திய கேள்வி ஒன்றுண்டு. நம் வாடிக்கைக்காரர் யார் என்பதே அது.

நெகிரி செம்பிலானின் பழைய கடைகளுக்கு இக்கேள்வி உயிர்க்கேள்வி. தோட்டங்கள் செழித்திருந்த நாளில் சம்பள நாளைப் பார்த்து வியாபாரம் நடந்தது. மாதம் முழுதும் பற்று எழுதி, சம்பளத்தன்று வசூல். பின்னர் ரப்பர் செம்பனையாயிற்று. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பால்வெட்டுக்குப் போனவரின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போகிறார்கள். அவர்கள் பேரங்காடியில் வாங்குகிறார்கள்; கைத்தொலைபேசியிலும் வாங்குகிறார்கள். நம் கடையோ அதே அலமாரி, அதே சரக்கு, அதே நேரம் என்று நிற்குமானால், குறை பேரங்காடிமீது மட்டும்தானா?

விலையில் பேரங்காடியோடு மல்லுக்கட்ட நம்மால் முடியாது. ஆனால் பேரங்காடி அறியாத ஒன்றை நாம் அறிவோம். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் நோயாளி, நோன்பு மாதத்திலும் தீபாவளிக்கும் எவருக்கு எது வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவை முதலாளியின் தலையில் மட்டும் வைத்திராமல், எழுதி, வகைப்படுத்தி, அதற்கேற்பச் சரக்கு வாங்கி, வீட்டுக்கே அனுப்பி வைப்பதுதான் சந்தைப்படுத்தல். பழைய பற்றுப் புத்தகமே ஒரு பெரிய ஆராய்ச்சி நூல். அதைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண்ணைப் படிப்பு தரும்.

எங்கே படிப்பது?

ரஹாங் பிள்ளைகள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிரம்பானிலிருந்து ரயிலில் போய் வரும் தூரத்தில் நீலாய் இருக்கிறது. 1998ல் கல்லூரியாகத் தொடங்கி 2007ல் இப்பெயர் பெற்ற மலேசிய இஸ்லாமிய அறிவியல் சர்வகலாசாலை அங்கேதான் உள்ளது. அதில் பொருளாதாரமும் முஆமலாத்தும் கற்பிக்கும் தனித் துறை இயங்குகிறது. இன்டி சர்வதேசப் பல்கலைக்கழகமும் நீலாயிலேயே வியாபாரப் பட்டப்படிப்பு நடத்துகிறது. வெளியூர் போகச் சம்மதமானால், நிர்வாகக் கல்விக்கென 1984ல் கெடாவில் நிறுவப்பட்ட மலேசிய வட பல்கலைக்கழகமும், தொழில் முனைவுக்கு முதலிடம் தரும் கிளந்தான் மலேசியப் பல்கலைக்கழகமும் உள்ளன. படிப்புக் கடனுக்கு 1997ல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். நிதிக்கழகம் இருக்கிறது.

படிப்பைப் பாதியில் விட்டுக் கல்லாவில் அமர்ந்த சகோதரர்களும் மனம் தளர வேண்டாம். 21 வயது நிறைந்து, தொழில் அனுபவம் உள்ளவர்கள், அந்த அனுபவத்தைச் சோதித்து மதிப்பிடும் 'அபெல்' முறைவழியாகப் பட்டப்படிப்பில் சேர இடமுண்டு. கடையில் கழிந்த வருஷங்கள் வீண்போகவில்லை என்று பொருள். எந்தக் கலாசாலையானாலும் பணம் கட்டுமுன், அப்படிப்பு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா என்று அவசியம் பாருங்கள்.

தந்தைக்கும் பிள்ளைக்கும்

பட்டம் வாங்கிவிட்டால் கடை தானாகத் தழைக்கும் என்று நாம் சொல்லவில்லை. சரக்கின் மணம் பார்த்துத் தரம் சொல்வதும், வருபவரின் முகம் பார்த்து நம்பிக் கடன் கொடுப்பதும் வகுப்பறையில் வராது. படித்த பிள்ளை முதல் வாரமே அத்தாவுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினால் கடையில் சண்டைதான் மிஞ்சும். ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. முதல் மூன்று மாதம் ஒன்றும் மாற்றாதீர்கள். பேரேட்டை மட்டும் எழுதுங்கள். கணக்கே உங்களுக்காகப் பேசும்.

பெற்றோருக்கும் ஒரு யோசனை. பிள்ளைக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், கல்லாச் சாவியைக் கொடுக்குமுன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். கடன் எவ்வளவு என்பதை மறைக்காதீர்கள். கணக்கைக் காணாத பிள்ளை கடையைத் தன் கடையாக எண்ணமாட்டான். நல்ல சம்பளம் வந்த இடத்துக்குப் போய்விடுவான். அவன்மீது குறை சொல்லிப் பயனில்லை.

இன்றிரவு கடை சாத்தியதும் மூன்று கேள்விகளுக்கு ஒரு தாளில் விடை எழுதிப் பாருங்கள்:

1. சென்ற மாதம் வீட்டுக்கு எடுத்தது லாபத்திலிருந்தா, முதலிலிருந்தா?

2. நாளை நாம் இல்லாவிட்டால் கடை யாருடையது என்று எழுத்தில் இருக்கிறதா?

3. பத்து வருஷத்துக்கு முன் வந்த வாடிக்கைக்காரர்களில் எத்தனை பேர் இன்றும் வருகிறார்கள்?

மூன்றுக்கும் தயங்காமல் விடை வந்தால் மகிழ்ச்சி. தயக்கம் வந்தால், அந்தத் தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள். அவன் என்ன படிக்க வேண்டும் என்பது அப்போது இருவருக்கும் தெரிந்துவிடும்.