எஸ்பிஎம் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கோலாலம்பூர் பங்சாரில் பங்களாவும் உண்டு, ஸ்ரீ பஹாங் அடுக்குமாடி வீடுகளும் உண்டு. பங்களாவில் வளரும் பிள்ளைக்கு எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு செலவு என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கும். அடுக்குமாடிப் பிள்ளைக்கு அதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் பள்ளியின் ஆலோசக ஆசிரியர் ஒருவர்தான். அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆசிரியர் அவர். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அவருடைய அறையின் வாசலை முதன்முதலாக மிதிப்பது படிவம் 5-இன் எஸ்பிஎம் தேர்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான். அதற்குள் பாதிக் கதவுகள் சாத்தப்பட்டிருக்கும். என் ஆதங்கம் இதுதான். கீழே உள்ள யோசனைகளில் சில மாணவர்களுக்கு, சில பெற்றோருக்கு.

செய்ய வேண்டியவை

படிவம் 3 முடியும் முன்பே ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். படிவம் 3-இல் எழுதிய பிடி3 தேர்வு 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பிள்ளை எதில் தேறுவான், எதில் திணறுவான் என்று முன்கூட்டிச் சொல்ல அந்தத் தேர்வு இப்போது இல்லை. படிவம் 4-க்கு எந்தப் பாடத் தொகுப்பை எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. கூட்டாளி எடுக்கவில்லை என்பதற்காகக் கூடுதல் கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்கு, பொறியியல் படிக்க ஆசை வரும்போது வழி வெகுவாகச் சுருங்கியிருக்கும். மருத்துவமோ மருந்தியலோ வேண்டுமென்றால் அறிவியல் பாடங்கள் வேண்டும். ஆலோசக ஆசிரியரிடம் தொழில் விருப்பத்தைக் கணிக்கும் வினாத்தாள் இருக்கும். அதை எழுதுவதோடு விட்டுவிடாதீர்கள். முடிவை உட்கார்ந்து விளக்கச் சொல்லுங்கள், முடிந்தால் அப்பா அம்மாவையும் கூட்டிப்போய்.

மலாய்மொழியையும் வரலாற்றையும் தனியாகக் கவனியுங்கள். இந்த இரண்டில் ஒன்றில் தவறினாலும் எஸ்பிஎம் சான்றிதழ் கிடையாது. மற்ற பாடங்களில் ஏ இருந்தும் பயனில்லை.

ஒரு கோப்பு வாங்குங்கள். கண்ணாடித்தாள் வைத்த, நாற்பது பக்கக் கோப்பு போதும். படிவம் 1-லிருந்து கிடைத்த ஒவ்வொரு சான்றிதழும் அதில் இருக்க வேண்டும்: சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு, மாவட்ட அளவில் கலந்துகொண்ட பேச்சுப் போட்டி, செயலாளராக இருந்த தமிழ்மொழிக் கழகம் எல்லாம். யுபியு வழியாகப் பொதுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாடப் புள்ளி. போட்டி அதிகமுள்ள துறைகளில் அந்தப் பத்துதான் ஒருவரை உள்ளே விடும், இன்னொருவரை வெளியே நிறுத்தும். டியூஷனுக்கு நேரமாகிறது என்று புதன்கிழமைப் புறப்பாட நடவடிக்கைக்கு மட்டம் போடச் சொல்லும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுருக்கம் விழுந்த, காப்பிக் கறை படிந்த சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடி அலையும் வீடுகளும் நிறைய.

விண்ணப்பங்கள் ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். யுபியு வேறு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் வகுப்பு வேறு. இரண்டும் எஸ்பிஎம் முடிவு வருவதற்கு முன்பே திறக்கும். முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒன்று கையை விட்டுப் போய்விடும். 10 ஏ எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று 2024-இல் அரசு அறிவித்தது. எந்த ஏ அந்தக் கணக்கில் சேரும் என்ற சர்ச்சை மறு ஆண்டே கிளம்பியது. ஆகவே அந்தந்த ஆண்டு விதியை ஆலோசக ஆசிரியரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி போதாது. அங்கே எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு கடினம் என்று பயந்து படிவம் 6-ஐ ஒதுக்கவும் வேண்டாம். செலவு குறைவு, வீட்டிலிருந்தே போகலாம், அந்தச் சான்றிதழுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு.

பல்கலைக்கழகத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். பங்சார் எல்ஆர்டி நிலையத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் யுனிவர்சிட்டி. அங்கிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் பக்கம்தான். இவ்வளவு அருகில் இருந்தும் உள்ளே கால் வைக்காத பிள்ளைகள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். அங்கே இந்திய ஆய்வியல் துறை இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை போய் நடந்துவிட்டு வரட்டும். எட்டாத இடம் என்ற எண்ணம் அதிலேயே பாதி போய்விடும்.

தூக்கத்திற்கு நேரம் ஒதுக்குங்கள். பள்ளி முடிந்து அதே சீருடையில் எல்ஆர்டி ஏறி, பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் முடித்து, ஒன்பதரைக்கு வீடு திரும்பி, சோறு தின்று, ஹோம்வொர்க் செய்து, ஒரு மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்கு எந்த நேர அட்டவணை போட்டுக் கொடுத்தும் புண்ணியமில்லை. டியூஷனில் ஒன்றைக் குறையுங்கள். இதைச் சொன்னால் பெற்றோர் முகம் மாறுகிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

செய்யக்கூடாதவை

ஆலோசக ஆசிரியர் அறையைக் கட்டொழுங்கு ஆசிரியர் அறையாக நினைக்காதீர்கள். இரண்டும் வேறு. ஆலோசக ஆசிரியரிடம் பேசியது பொதுவாக அங்கேயே இருக்கும். உயிருக்கு ஆபத்து போன்ற நிலையில்தான் அவர் வேறு ஆளிடம் சொல்வார்.

கல்விக் கண்காட்சியில் கையெழுத்துப் போடாதீர்கள். மிட் வேலியில் கண்காட்சி நடக்கும்போது போங்கள், கையேடுகளை வாங்குங்கள், கேள்வி கேளுங்கள். "இன்றைக்கே பதிந்தால் கழிவு" என்று சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். அந்தப் பாடத்திட்டத்துக்கு அரசின் எம்கியூஏ தர அங்கீகாரம் உண்டா, பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனுதவி கிடைக்குமா, மொத்தச் செலவு எவ்வளவு, இவை தெரியாமல் ஒரு வெள்ளிகூடக் கட்ட வேண்டாம்.

தமிழ் எடுத்தால் ஏ எண்ணிக்கை குறையும் என்று பயந்து தமிழ்மொழியை விடாதீர்கள்.

அத்தை மகன் 9 ஏ எடுத்தான் என்று சாப்பாட்டு மேசையில் பேசாதீர்கள்.

ஆலோசக ஆசிரியரிடம் போன பிள்ளையைப் பார்த்து "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்காதீர்கள். சுகாதார அமைச்சு 2022-இல் பதின்ம வயதினரிடையே நடத்திய ஆய்வில், நான்கில் ஒருவர் மனச்சோர்வை உணர்ந்ததாகத் தெரிய வந்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் பத்துப் பேர். அதில் ஒருவர் நம் வீட்டில் இருக்கலாம்.

"எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் அதை நாடகம் என்று தள்ளிவிடாதீர்கள். அறைந்துவிடாதீர்கள், கோயிலுக்குக் கூட்டிப்போனால் சரியாகிவிடும் என்று அதோடு நிறுத்தியும் விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஆள் கிடைத்ததில் மனபாரம்தான் குறையும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். நிலைமை மோசமாகத் தெரிந்தால் பக்கத்திலேயே மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது, அவசரப் பிரிவுக்கு நேராகக் கூட்டிப்போங்கள். போலீஸ் வழக்காகிவிடும் என்ற பயத்தில் முன்பெல்லாம் குடும்பங்கள் மூடி மறைத்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மறைக்கக் காரணமில்லை. மனத்துயரில் இருப்பவர்களுக்கான பெஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, எந்நேரமும் எடுக்கும். அரசின் தாலியான் காசே உதவி எண் 15999. இந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் இன்றே பதிந்து வையுங்கள்.

முடிவு வரும் நாளில் தாளைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், பிள்ளையே போடச் சொன்னாலொழிய. எதிர்பார்த்தது வரவில்லை என்றால் அன்றிரவே அடுத்த திட்டம் பேசாதீர்கள். சாப்பிடட்டும், தூங்கட்டும். மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தவறியிருந்தால் மறுதேர்வு உண்டு. பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையம், படிவம் 6 என வழிகளும் உண்டு. இரண்டு நாள் கழித்து ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளியை விட்டு வந்துவிட்டோமே என்று தயங்க வேண்டாம், பழைய மாணவர்கள் வருவது அவருக்குப் புதிதல்ல. போகும்போது அந்தக் கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.