குடியினின்று மீள்வோர் கூட்டங்கள்

குடியினால் ஒரு குடும்பம் படும் பாட்டை நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் எடுத்துரைக்கத் தேவையில்லை. கூலிப் பட்டுவாடாவுக்கு மறுநாள் எந்த வீட்டுத் தறி ஓய்ந்து கிடக்கிறதென்பதைத் தெருவே அறியும். குடியை விடவேண்டும் என்ற உபதேசமும் நமக்குப் புதிதன்று. விட விரும்பியும் விட இயலாதவர் எங்கே போவது, போனால் அங்கு என்ன நடைபெறும் என்பதே இம்மாதப் பாடமாகும்.

1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்கு வியாபாரி அமெரிக்காவின் ஏக்ரன் நகருக்கு வந்திருந்தார். பெருங்குடியராயிருந்து, குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றது. தங்கியிருந்த ஹோட்டலின் மதுக்கூடம் அவரை இழுத்தது. அவ்வேளையில் அவர் தேடியது மருத்துவரையன்று. தம்மைப்போல் குடியில் வீழ்ந்த மற்றொருவரையே தேடினார். பாதிரிமார்களுக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்து, ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரை மறுநாள் சந்தித்தார். கால் மணி நேரமே இருப்பதாகச் சொல்லி வந்த ஸ்மித், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். வில்சன் உபதேசம் செய்யவில்லை; தாம் பட்டதைச் சொன்னார். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் தேதியை ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கொண்டு, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கத்தின் தோற்றத்தைக் கணக்கிடுகின்றனர். பெயர் வெளியிடாத குடிநோயாளர் என்பது அதன் பொருள். சுருக்கமாக ஏ.ஏ. என்பர். இந்தியாவில் இது 1957-ல் தொடங்கிற்று.

பிறனுக்கு உதவுகிறவன் தன்னையே காத்துக்கொள்கிறான் என்பதே அதன் அடிப்படை. கூட்டுறவில் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மினும் கண்டிப்பானவர்கள். நம் சங்கங்கள் அரசின் பங்கு மூலதனத்தை ஏற்கின்றன. அவர்களோ வெளியார் நன்கொடை எதையும் ஏற்பதில்லை. அங்கத்தினர் விரும்பியிடும் காசிலேயே வாடகையும் தேநீரும் நடைபெறுகின்றன. பிரவேசக் கட்டணமோ சந்தாவோ இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி.

கூட்டங்களில் இருவகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, மக்கள், நண்பர் எவரும் வரலாம். மற்றது குடிப்பிரச்சினை உள்ளவருக்கு மட்டுமே உரியது. பெரும்பாலும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடைபெறும். ஒருவர் தலைமை தாங்குவார். அவரும் குடியினின்று மீள்பவரே. பேசுகிறவர் தம் முதற்பெயரை மட்டும் சொல்லித் தம் அனுபவத்தைக் கூறுவார். இடைமறித்துப் புத்தி சொல்வதும் வாதாடுவதும் வழக்கமன்று. புதியவர் பேசித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. வாய் திறவாமல் கேட்டுவிட்டுப் போகலாம். ஜாதி, தொழில், வருமானம் எதையும் எவரும் கேட்கமாட்டார்கள். கடவுள் பெயர் பேச்சில் வரும். அதன் பொருளை அவரவர் மனப்படி கொள்ளலாம். நம்பிக்கையில்லாதோரும் அங்கே அமர்ந்திருக்கின்றனர். கூட்டம் மாதா கோவில் அறையில் நடந்தாலும், அது கோவிலைச் சேர்ந்ததன்று.

முதற் கூட்டம் பிடிக்காமற் போவதுண்டு. அது கண்டு விலகிவிடலாகாது. குழுவுக்குக் குழு தன்மை மாறும். வேறிடத்துக் கூட்டத்துக்கும் சென்று பார்ப்பது நலம். பழகியபின், மீண்டு நெடுநாளான ஒருவரைத் துணையாகக் கொள்வர். அவருக்கு ஸ்பான்சர் என்று பெயர். மனம் தடுமாறும் வேளையில் அவருக்குத் தொலைபேசியில் பேசலாம்.

இதனால் பயனுண்டா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. 2020-ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளை, பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியவற்றை, ஆராய்ந்தது. ஏ.ஏ. வழியில் மக்களைச் சேர்க்கும் முறையான சிகிச்சை, முழுவதுமாகக் குடியை விட்டிருப்பதில் பிற சிகிச்சைகளைவிடப் பெரும்பாலும் மேலான பலன் தந்ததாக அது கண்டது. எல்லாருக்கும் பலிக்கும் என்று இதற்குப் பொருளன்று.

ஓர் எச்சரிக்கை அவசியம். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதற்சில நாட்களில் நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை உண்டாகலாம். உயிருக்கே ஆபத்து நேரிடலாம். அத்தகையவர் முதலில் மருத்துவரிடம் செல்லல் வேண்டும். கூட்டம் மருந்தாகாது, மருந்துக்குப் பின்வரும் நெடுநாட்களுக்கே அது துணை.

கூட்டம் நடைபெறும் இடத்தை அறிய, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ குடி நீக்கச் சிகிச்சை நிலையத்திலோ விசாரிக்கலாம். போதைப் பழக்கத்துக்கான இலவசத் தேசிய உதவித் தொலைபேசி எண் 14446. ஊரில் கூட்டமில்லாதவர் கைப்பேசி வழியாகவும் கலந்துகொள்ள முடியும். குடிப்பவர் வர மறுத்தால், குடும்பத்தார் தமக்காகவே போகக்கூடிய அமைப்பு ஒன்று 1951-ல் தோன்றியது. அதன் பெயர் அல்-அனான். கணவர் திருந்தும் வரை மனைவி காத்திருக்க வேண்டுவதில்லை.

சங்கக் கட்டடத்தில் மாலை வேளையில் காலியாகக் கிடக்கும் அறையை இத்தகைய குழுவுக்குத் தரலாம். வாடகை வேண்டாமென்று சொன்னாலும் அவர்கள் ஏதேனும் கொடுக்கவே முற்படுவர். வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பதே முறை. ரசீதில் 'செவ்வாய்க்கிழமைக் கூட்டம்' என்று எழுதினால் போதும். வந்தவர் பெயர் வேண்டியதில்லை.