எலக்ட்ரீஷியன் வேலையை எங்கே பழகுவது?

பத்தாவது முடித்த பையனை, "மாமா ஒயரிங் கான்ட்ராக்ட் எடுக்கிறார், கூடப் போ, உடனே கையில் காசு" என்று அனுப்பிவிடும் பெற்றோரை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். கூடப் படித்தவன் போகிறான் என்று கிளம்புகிறவர்களும் உண்டு.

மற்ற வழிகள் தெரிந்தவைதான். அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரீஷியன் பிரிவு 2 ஆண்டு, பத்தாவது தேறியவர்களுக்கு. ஒயர்மேன் பிரிவும் 2 ஆண்டு, எட்டாவது போதும். பாலிடெக்னிக் டிப்ளமோ 3 ஆண்டு.

நேரே ஹெல்பராகப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பல இடங்களில் அங்கே முதலில் பழக்குவது, கரண்ட் ஓடும்போதே கை வைக்க. ஃப்ரிட்ஜ் நின்றால் வீட்டுக்காரர் முணுமுணுப்பார் என்று மெயினை அணைக்காமலே சுவிட்ச் பாக்ஸைக் கழற்றுவார்கள். பையன் அதைத் திறமை என்று நம்பிவிடுகிறான். உடம்பில் 30 மில்லி ஆம்பியர் ஓடினாலே பிடித்த ஒயரை விட முடியாமல் போகும். ஒரு 9 வாட் பல்பு அதைவிட அதிகம் இழுக்கிறது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் காப்பாற்றும் என்பார்கள். எர்த்துக்குக் கசிந்தால்தான் அது விழும். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், உங்களையும் ஒரு பல்பு என்றே அது எடுத்துக்கொள்ளும்.

மெயினை அணைத்தாலும் வேலை முடியவில்லை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மெயின் போன நொடியே லைட் லைனுக்கு அது 230 வோல்ட் கொடுக்கும். அதையும் அணைக்க வேண்டும். அணைப்பதற்கு முன்பே மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, அணைத்தபின் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் இரண்டையும் சோதித்த பிறகே தொட வேண்டும்.

நான் வேலை பழகியது அம்பத்தூர் எஸ்டேட்டில். பேனலைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க விடுவார்கள். அதனால் என் ஓட்டு ஐ.டி.ஐ.க்கும், அதன்பின் தொழிற்சாலை அப்ரன்டிஸுக்கும்தான். ஏற்கெனவே ஹெல்பராக இருப்பவர் மனம் தளர வேண்டாம்: 21 வயது நிரம்பி, ஒயரிங்கில் 5 ஆண்டு அனுபவம் இருந்தால் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம்.

இந்த வேலைக்கு நிறம் பிரித்தறியும் கண்ணும், ஒரே இணைப்பை மூன்று முறை சரிபார்க்கும் பொறுமையும் வேண்டும். அவசரக்காரப் பையனுக்கு வேறு தொழில் பாருங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை.

பெற்றோரே, அனுப்பும் முன் அந்த மேஸ்திரி வேலை செய்யும் வீட்டுக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். மெயினை அணைக்காதவர் என்றால், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.