நாய்ப் பாசம் தொழிலாக வேண்டுமா?

சின்ன வயதிலிருந்தே நாய்களோடு வளர்ந்த பலருக்கு, 'இதையே தொழிலாகச் செய்தால் என்ன?' என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். இந்தியாவில் நாய்ப் பயிற்சியாளருக்கென்று தனி உரிமம் யாரும் கேட்பதில்லை. பலகை மாட்டினால் போதும். ஆனால் அரைகுறைப் பயிற்சியால் முரடாகிப்போன நாய் கடைசியில் தெருவுக்குத்தான் வரும். ஆகவே பாசத்தோடு படிப்பும் வேண்டும்.

முதலில் கண் பழகட்டும்

பெரும்பாலான நாய்கள் எச்சரிக்காமல் கடிப்பதில்லை. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உடல் விறைக்கும். பிறகுதான் உறுமும். உறுமியதற்காக அடித்தால் அதன் பயம் போகாது, எச்சரிக்கும் பழக்கம்தான் போகும். அடுத்த முறை நேராகக் கடித்துவிடலாம்.

அடி வேண்டாம், பரிசு போதும்

சொன்னதைச் செய்த ஓரிரு நொடிக்குள் தீனியோ பாராட்டோ கிடைத்தால், எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியும். கிளிக்கர் என்ற சிறு கருவியின் 'டிக்' ஓசை அந்தக் கணத்தைக் குறித்துக் காட்டுகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் விலங்கு நடத்தைச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், எல்லா நாய்களுக்கும் பரிசுவழிப் பயிற்சியையே பரிந்துரைத்தது. கேரன் பிரையர் 1984இல் எழுதிய 'டோன்ட் ஷூட் த டாக்' இந்த முறைக்கு நல்ல தொடக்க நூல்.

கை பழக என்ன செய்யலாம்?

விலங்குக் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேருங்கள். பயந்த நாய், துள்ளும் நாய், வயதான நாய் என எல்லாம் அங்கே கைக்கு வரும். அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரிடம் உதவியாளராக இருங்கள். நாய்ப் பயிற்சியாளர்களுக்கான, சர்வதேச மதிப்புள்ள சிபிடிடி-கேஏ சான்றிதழ்த் தேர்வை எழுதவே, முந்தைய மூன்று ஆண்டுகளில் 300 மணி நேரப் பயிற்சி அனுபவம் கேட்கிறார்கள். எனவே செலவிடும் நேரத்தை முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள்.

இனமும் வயதும் அறிந்து பழக்குங்கள்

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். முயலோ பூனையோ ஓடினால் கூப்பிட்ட குரல் காதில் ஏறாது. திறந்த வெளியில் நீளக் கயிற்றோடுதான் அவற்றுக்குப் பயிற்சி தொடங்க வேண்டும். குட்டிகளுக்கோ 3 முதல் 14 வாரம் வரை பொன்னான காலம். புது மனிதர், புது ஓசை, புது இடம் எல்லாவற்றையும் பயமில்லாமல் அறிமுகப்படுத்த வேண்டிய பருவம் அது.

வீட்டாருக்கும் பாடம் உண்டு

அப்பா 'சிட்' என்பார், பாட்டி 'உக்காரு' என்பார், பிள்ளை கையைப் பிடித்து இழுப்பான். நாய் எதைக் கேட்கும்? எல்லோரும் ஒரே சொல், ஒரே விதி என்று முதல் வகுப்பிலேயே பேசி முடியுங்கள். மனிதரிடம் பொறுமை இல்லாதவருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

தொழில் ஒழுங்கு

* வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நாயின் தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பாருங்கள்.
* வகுப்புகளின் எண்ணிக்கை, கட்டணம், வீட்டுப்பாடம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.
* 'பத்தே நாளில் மாற்றிக் காட்டுகிறேன்' என்று உறுதி தராதீர்கள்.
* அமைதியான நாய் திடீரென்று சீறினால் வலியோ நோயோ இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கடைசி வகுப்பில் கயிற்றை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அவர் சொல்லுக்கு நாய் மகிழ்ச்சியோடு வந்தால், வாங்கிய கட்டணத்துக்கு நீங்கள் தகுதியானவர்.