கந்தலில் பிறக்கும் காகிதம்

நுழையும்முன்
ஓலையிலும் செப்பேட்டிலும் எழுதிவந்த தமிழருக்குக் காகிதம் புதுவரவு. அதன் பெயரும் பாரசீகத்தின் ‘காகஸ்’ என்னும் சொல்வழி வந்ததே. அச்சொல்லையே குடிப்பெயராகக் கொண்ட கைவினைஞர்களின் ஊரை இப்பாடத்தில் காண்போம்.

இராஜஸ்தானின் தலைநகரான ஜெய்ப்பூருக்குத் தெற்கே உள்ளது சாங்கானேர். துணியில் மர அச்சுகளால் பூவேலை செய்வதற்குப் பெயர்பெற்ற அவ்வூரில், ‘காகஜி’ குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கைக்காகிதம் செய்துவருகின்றனர். இதற்கு மரம் வெட்ட வேண்டியதில்லை. தையற்கூடங்களில் ஒதுக்கப்படும் பருத்தித் துணுக்குகளே போதும்.

துணுக்குகளிலிருந்து பித்தானையும் செயற்கை இழையையும் பொறுக்கி நீக்குகின்றனர். பின்னர், அவற்றை நறுக்கி நீருடன் எந்திரத்தில் அரைத்துக் கூழாக்கித் தொட்டியில் கரைக்கின்றனர். தொட்டியருகே நிற்பவர் சல்லடைச் சட்டத்தைச் சாய்த்து அமிழ்த்தி, மட்டமாகத் தூக்கி, மெல்ல அசைக்கிறார். நீர் வடிய வடிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் படிகின்றன. தாள் எடுக்க எடுக்கத் தொட்டியில் கூழ் குறையும். எப்போது, எவ்வளவு சேர்ப்பது என்பதை அவர் கையே அறியும். நூறாவது தாளும் முதல் தாளின் கனத்திலேயே அமைவது அக்கைப்பழக்கத்தால்தான். ஈரத்தாள்களைத் துணியிடையே அடுக்கி, அழுத்தி நீரை வெளியேற்றிக் கொடியில் உலர்த்துகின்றனர்.

நாளிதழ் விரைவில் பழுப்பேறக் காரணம், மரக்கூழில் எஞ்சிநிற்கும் ‘லிக்னின்’ என்னும் பொருள். பருத்தியில் அது இல்லை எனலாம், இழையும் நீளமானது. சட்டைப்பையோடு நனைந்தாலும் நம் ரூபாய்த்தாள் எளிதில் கிழியாதது ஏன்? அதுவும் பருத்தியால் ஆனதே!

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆலைக்காகிதம் மலிந்தபோது கைக்காகிதம் நலிந்தது. 1934இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் அதனை மீட்க முனைந்தது. சங்கத்தின் செயலாளர், தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா. சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் மாணவருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

ஜப்பானில் ‘கோசோ’ என்னும் செடியின் பட்டையிலிருந்து கைக்காகிதம் செய்கின்றனர். அக்கைவினையை 2014இல் யுனெஸ்கோ, மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. சாங்கானேர்த் தொழிலுக்கோ இடர்கள் பல. வறண்ட நிலத்தில் நீர் மிகுதியாக வேண்டும். சாயத்தாளின் கழிவுநீரையும் தூய்மைசெய்தாக வேண்டும். கையால் செய்தது என்பதற்காக இக்கடமையிலிருந்து விலக்கில்லை. அங்குச் செய்யப்படும் தாள் இன்று அழைப்பிதழாகவும் பரிசுப்பையாகவும் கடல்கடந்து செல்கிறது. எழுதுவதற்கென்று அதனை நாடுவோர் சிலரே.